மேகம் என்று குறித்த நான்கு மணி நேரம்

கேட் போட்டுவிட்டான். அரை நிமிஷம் முந்தியிருந்தால் பஸ் தண்டவாளத்தைத் தாண்டியிருக்கும். அந்த அரை நிமிஷத்தைத் தின்றது முந்தின நிறுத்தத்தில் மிக்ஸிப் பெட்டியோடு ஏறிய அம்மாள்தான் என்று இசக்கியம்மாள் முடிவு கட்டினாள். பெட்டியை முதலில் ஏற்றுவதா, தான் முதலில் ஏறுவதா என்று படிக்கட்டில் நின்று யோசித்துவிட்டு, கடைசியில் இரண்டும் ஒன்றாக ஏறி, இத்தனை இருக்கை காலியாக இருக்க நேராக வந்து இவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள் அந்த அம்மாள். பெட்டியின் முனை இடுப்பில் குத்துகிறது. மணி பதினொன்று பத்து. பன்னிரண்டு மணிக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தப் படங்கள் தானாக அழிந்துவிடும். ஐம்பது நிமிஷம் இருக்கிறது. கேட்டைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர்தான் ஆராய்ச்சி நிலையம், பஸ் ஐந்து நிமிஷத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், இறங்கி உள்ளே நடக்க ஏழெட்டு நிமிஷம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழிக்கிற வேலையை நிறுத்த ஒரு நிமிஷம். ஆக நேரம் இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது, ஒரு ரயில் போக என்ன, நாலு நிமிஷம் ஆகுமா. டிரைவர் இன்ஜினை அணைத்தார். அணைத்ததும் பஸ்ஸுக்குள் இருந்த கொஞ்சநஞ்சக் காற்றும் நின்றுபோயிற்று. பத்தொன்பது வருஷமாக இந்தத் தடத்தில் வேலைக்குப் போய்வருகிறவளுக்குத் தெரியும், இந்த கேட்டில் டிரைவர் இன்ஜினை அணைத்தால் நாலு நிமிஷத்தில் விஷயம் முடியாது.

போனை எடுத்து ராயப்பனுக்கு அடித்தாள். மணி போயிற்று, போய்க்கொண்டே இருந்தது, நின்றது. எடுக்க மாட்டார், எடுக்கவும் முடியாது. நிலையத்தின் வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. போன், சாவிக்கொத்து, பெல்ட், பெண்கள் என்றால் ஹேர்பின் சேஃப்டிபின் வரைக்கும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பூமியின் காந்தம் மயிரிழை அசைந்தாலும் குறித்துக்கொள்கிற கருவிகள் அங்கே இருக்கின்றன. பக்கத்தில் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால்கூடப் பதறிவிடும் அவை. கட்டடத்தில் ஒரு இரும்பு ஆணி கிடையாது, எல்லாம் பித்தளை. ராயப்பன் அங்கே இருபத்தாறு வருஷமாக உதவியாளர், அந்த விதியை மீறி ஒரு குண்டூசியைக்கூட உள்ளே விடாத மனுஷர். ஆகவே அவர் போன் இப்போது யாருமில்லாத வாசலில் அந்த மரப்பெட்டிக்குள் அவருடைய சாவிகளோடு கிடந்து கத்திக்கொண்டிருக்கும். வாசலில் காவலாளி இருந்தான், ஒப்பந்தக்காரர் போன மாதம் அவனை நிறுத்திவிட்டார். அறைக்குள் தரைவழிப் போன் இருந்தது, ஐப்பசி மழையில் அது செத்தது, கொடுத்த புகார் கிணற்றில் போட்ட கல். இன்னொரு தடவை அடித்தாள். மணி போயிற்று. என்ன மாதிரியான இடம் இது, தொண்ணூற்றாறு லட்சம் மைலுக்கு அந்தப் பக்கம் சூரியனில் ஒரு பொறி தெறித்தால் தெரிந்துகொள்கிறோம், இரண்டு கிலோமீட்டரில் இருக்கிற ஒரு ஆளிடம் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. தொண்ணூற்றாறு லட்சமா? ஒன்பது கோடியே சொச்சம். பதற்றத்தில் சூரியனையே பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டாள்.

எல்லாம் இன்று காலைத் தோசையில் ஆரம்பித்தது. தோசையிலும் இல்லை, புருஷன் கண்ணபிரான் தோசை தின்றுகொண்டே அடுத்தவர் காகிதத்தை எட்டிப் பார்க்கிற வழக்கத்தில். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வரைபடம் எதைக் கண்டாலும் விட மாட்டான். அச்சுக்குப் போகப்போகிற கட்டுரையை அவள் மேஜையில் விரித்து வைத்திருந்தாள், அவன் சட்னி விரலால் காட்டினான், “இது என்ன, இங்க மட்டும் பல்லு விழுந்த மாதிரி இருக்கு?” போன மாதம் பன்னிரண்டாம் தேதி இரவு பதினொன்றிலிருந்து மூன்று வரை கோட்டில் ஒன்றும் இல்லை. “மேகம்,” என்றாள். மூன்று வாரமாக யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறாள். கம்ப்யூட்டரே அப்படித்தான் எழுதியிருக்கிறது, அந்த நாலு மணி நேரத்துக்கு எதிரே, மேகம், மேகம், மேகம் என்று வரிசையாக. “பன்னெண்டாம் தேதியா? அன்னைக்குத்தான கரண்ட் போயி மொட்ட மாடியில படுத்தோம்? ஒரு பொட்டு மேகம் கெடையாதே இசக்கி. நீதான எனக்கு நட்சத்திரம் காட்டுன?” என்றான். சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு இன்னொரு தோசை கேட்டான். இவளுக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. அவன் சொன்னது சரி. மாடியில் பாய் போட்டு, கொசுவர்த்தி வைத்து, அவன் தூங்கின பிறகும் அவள் விழித்துக் கிடந்து வடக்கே பார்த்துக்கொண்டிருந்தாள், சூரியப் புயல் வந்திருக்குமா, இப்போது நம் தலைக்கு மேலே வந்து சேர்ந்திருக்குமா என்று. சேர்ந்திருக்குமா என்று நினைத்தவளுக்கு, மறுநாள் மேகம் என்று படித்தபோது ஏன் உறைக்கவில்லை? முப்பது கிலோமீட்டர் தள்ளி நிலையத்தில் மேகம் இருந்திருக்கலாம் என்று நினைத்தாளா? அப்படிக்கூட நினைக்கவில்லை. ஒன்றுமே நினைக்கவில்லை என்பதுதான் உண்மை.

அன்றைக்கு வந்தது சின்னப் புயல் இல்லை. சூரியன் கக்கினது பூமியின் காந்தத்தில் வந்து மோதி, அந்தச் சக்தி முழுக்க இரண்டு துருவத்திலும் கொட்டியது. கொட்டினால் அங்கே மேல்காற்று சூடேறும். இருநூறு இருநூற்றைம்பது கிலோமீட்டர் உயரத்துக் காற்று அது, அங்கே சாதாரண நாளிலேயே எண்ணூறு தொள்ளாயிரம் டிகிரி. அன்றைக்கு ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து ஐந்நூறு என்று ஏறியிருக்கும். சூடேறினது உப்பும், உப்பினது பக்கத்தில் தள்ளும், துருவத்திலிருந்து நடுக்கோட்டைப் பார்த்து ஒரு காற்று கிளம்பும், மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலே. எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம், ஆனால் கையை அங்கே நீட்ட முடிந்தால் கை விறைத்துப்போகும், ஏனென்றால் சூட்டைக் கொண்டுவந்து தொடுவதற்கு அங்கே ஆளே இல்லை, அவ்வளவு மெல்லிய காற்று. இந்த பஸ்ஸில் நாற்பது டிகிரிகூட இருக்காது, முதுகு நனைந்து சீட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சூடு நம் பக்கம் வருகிறதா, எத்தனை மணி நேரத்தில் வருகிறது, வந்து எவ்வளவு ஏற்றுகிறது என்பதுதான் அவள் பத்தொன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி. அந்த உயரத்தில் ராத்திரி மங்கலாகச் சிவந்து ஒளிர்கிற காற்றை அவர்கள் கேமரா வளையம் வளையமாகப் படம் பிடிக்கும். வளையம் தடித்தால் சூடு, நகர்ந்தால் காற்று. அவ்வளவுதான் வித்தை. கேட்பதற்கு எளிது, கிடைப்பதுதான் கஷ்டம். பெரிய புயல் வரவேண்டும், அது நமக்கு ராத்திரியாக இருக்க வேண்டும், நிலா கூடாது, மேகம் கூடாது. பத்து வருஷத்தில் இந்த நாலும் கூடிவந்தது அந்த ஒரு ராத்திரி, பன்னிரண்டாம் தேதி. அந்த ராத்திரியைத்தான் மேகம் என்று எழுதித் தள்ளியிருக்கிறது கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என்ன எழுதும், எழுதச் சொன்னதை எழுதும்.

எழுதச் சொன்னது யார் என்பதில் வந்து அவள் மனசு முட்டிக்கொண்டு நின்றது. ஒன்பது வருஷம் பின்னால் போக வேண்டும். ஒரு கார்த்திகை மாத ராத்திரி மேலே நானூறு டிகிரி ஏறினதாகக் கேமரா சொல்லிற்று. அவள் தலைகால் புரியாமல் தலைமை அலுவலகத்துக்கே ஓடி, முப்பது பேர் நிறைந்த கூட்டத்தில், இதோ பாருங்கள் என்று போட்டுக்காட்டினாள். பின் வரிசையிலிருந்து ஒரு ஆள் எழுந்து, அன்றைக்குப் பூமியின் காந்தம் குளத்துத் தண்ணீர் மாதிரிச் சும்மா கிடந்ததே அம்மா, எங்கிருந்து வந்தது உங்கள் சூடு என்று கேட்டார். பத்து நாள் கழித்துக் கண்டுபிடித்தார்கள், சாலையில் புதிதாகத் திறந்த கல்யாண மண்டபத்தின் பெயர்ப்பலகை, சிவப்பு நியான் விளக்கு. அந்தச் சிவப்பு மேல்காற்றின் சிவப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கேமராவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மண்டபத்துக்காரர் நல்லவர், சொன்னவுடன் பலகையைத் திருப்பி வைத்தார். மனிதர்கள் வாயைத்தான் திருப்பி வைக்க முடியவில்லை. ‘கல்யாண மண்டபத்துப் புயல்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். திருவேங்கடம் சார், அவளுடைய மேலதிகாரி, கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் டீயை உறிஞ்சிக்கொண்டே, “என்ன இசக்கி, இன்னைக்கு முகூர்த்தம் உண்டா?” என்று கேட்பார். இவளும் சிரிப்பாள். அந்த வாரமே உட்கார்ந்து கணக்குப் போடும் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தாள். வெப்பம் ஆயிரத்து நூறுக்கு மேலே எது வந்தாலும் தூக்கிப் போடு. இனிமேல் யார் கல்யாணமும் உள்ளே வராது. தூக்கிப் போட்ட இடத்தில் என்ன எழுத? ஏற்கெனவே மேகத்துக்கென்று ஒரு குறி இருந்தது, புதுசாக ஒன்று வைக்கச் சோம்பல், அதையே போட்டுவிட்டாள். இரண்டு நிமிஷ வேலை. அப்புறம் அதை மறந்தும் போனாள். கல்யாணத்தை வெட்டப் போட்ட வரி புயலையும் வெட்டும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், இவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் போட்டிருப்பாள், இந்தப் பக்கம் புயல் எங்கே வரப்போகிறது என்ற நினைப்பில். வந்தாலும் சொல்கிற தைரியம் தனக்கு இல்லை என்ற நினைப்பிலும்.

மணி பதினொன்று இருபத்தைந்து. ரயில் வரவில்லை. தண்டவாளம் வெயிலில் நெளிகிறது. டிரைவரும் கண்டக்டரும் இறங்கிப் பூவரச மர நிழலில் நின்று சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், மாமன் வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி. வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவன் ஜன்னல் ஜன்னலாக வந்து மிளகாய்ப்பொடி வாசனையை உள்ளே விட்டுவிட்டுப் போனான். முன் சீட்டில் ஒருவன் போனில் ஏதோ சிரிப்புக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே சிரிக்கிறான். அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ராயப்பனுக்கு ஏழாவது தடவை அடித்தாள். மிக்ஸிக்கார அம்மாள் அதுவரை பொறுத்திருந்தவள், “ஏந்தாயி, இத்தன தடவ அடிக்கீயளே, வீட்டுல யாருக்கும் மேலுக்கு முடியலையா?” என்றாள். அதெல்லாம் இல்லம்மா, ஆபீஸ் விஷயம் என்றாள் இவள். எந்த ஆபீஸ்? மேலே இருக்கிற காற்றைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஆபீஸ். “அப்ப மழை எப்ப வரும்னு ஒங்களுக்குத் தெரியுமே?” மழை கீழே, இது ரொம்ப மேலே, மழைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. “மழைக்கு ஒதவாத காத்தா அது?” என்று அந்த அம்மாள் இரக்கத்தோடு கேட்டாள். இதே கேள்வியை மாமியார் கேட்டிருக்கிறாள், பாங்க் மானேஜர் கேட்டிருக்கிறார், பெண் பார்க்க வந்த அன்றைக்கு கண்ணபிரானின் சித்தப்பாவும் கேட்டார். அந்தக் காற்று உப்பினால் மேலே சுற்றுகிற செயற்கைக்கோள் தடுமாறிக் கீழே இறங்கும் அம்மா, உங்கள் போன், டிவி என்று இவள் ஆரம்பித்தாள். அந்த அம்மாள் மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டு, “அவசரம்னா எறங்கி நடந்துர வேண்டியதுதான, எல்லாரும் போறாகளே,” என்றாள்.

போகிறார்கள்தான். நாலைந்து பேர் கேட் கம்பிக்குக் கீழே குனிந்து, தண்டவாளத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் குனிந்து எழுந்து நடையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மோட்டார் சைக்கிளையே சாய்த்து நுழைத்துக்கொண்டு போனான். இரண்டு கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிஷ நடை. இப்போது இறங்கினால் பதினொன்று ஐம்பதுக்கு வாசல், ஓட்டமும் நடையுமாக உள்ளே போனால் பன்னிரண்டுக்குள் கம்ப்யூட்டர். முடியும். ஆனால் நடு வெயில், போன வருஷத்திலிருந்து முட்டி வலி, செருப்பு வார் வேறு இன்றைக்கோ நாளைக்கோ என்றிருக்கிறது. கேட்டின் கீழே நுழைவது சட்டப்படி குற்றம், அவள் அரசு ஊழியர். நடந்து போய்ப் பாதி வழியில் இந்த பஸ்ஸே தாண்டிப் போனால்? சிரிப்பாய்ச் சிரிக்கும். ரயில் வந்துவிடும், இதோ இப்போது வந்துவிடும், வந்தால் ஐந்து நிமிஷம். இதோ இந்த நினைப்பில்தான் பதினைந்து நிமிஷம் போயிருக்கிறது என்று இன்னொரு நினைப்பு சொன்னது, அதை அவள் கேளாததுபோல் இருந்தாள். கேட்காததுபோல் இருப்பது அவளுக்குப் புதிதில்லை. பதின்மூன்றாம் தேதி காலையில் ராயப்பன் வாசலிலேயே சொன்னார், “மேடம், நேத்து ராத்திரி மானம் கண்ணாடி மாதிரி கெடந்துச்சு,” என்று. அவர் ஒன்றைச் சொன்னால் மேலும் கீழும் பார்த்துத்தான் சொல்வார். கம்ப்யூட்டர் மேகம்னு சொல்லுதே அண்ணாச்சி என்று இவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவரும் சரி மேடம் என்றார். ராத்திரி முழுக்க விழித்திருந்து வானத்தைப் பார்த்த மனுஷரைவிட, இவளே எழுதின இரண்டு நிமிஷ வரி பெரிதாகிவிட்டது. நினைக்க நினைக்கக் காது மடல் சுட்டது.

திருவேங்கடம் சாருக்குப் போன் பண்ணலாமா? பண்ணி என்ன சொல்ல? அவர் சித்திரையோடு ஓய்வு பெறுகிறார். இந்தக் கட்டுரைதான் அவருடைய கடைசி. அதில் அவர் எழுதியிருப்பது என்ன, பன்னிரண்டாம் தேதிப் புயல் நம் பக்கத்தைத் தொடவில்லை, முன்னிரவும் பின்னிரவும் அளந்த அளவில் வெப்பம் ஏறவில்லை, காற்று அசையவில்லை, நடுவில் நாலு மணி நேரம் மேகம் என்பதால் தரவு இல்லை, இருந்தாலும் நம் மேல்வளி சாந்தமாகவே இருந்தது என்று கொள்ளலாம். கொள்ளலாம். அந்தச் சொல்லை எழுதிக் கொடுத்ததுகூட இவள்தான். இரண்டாவது பெயர் இவளுடையது. திங்கட்கிழமை நாடு முழுக்க இருந்து ஆள் வருகிற கூட்டத்தில் அவர் அதைப் படிக்கப்போகிறார், புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார். அவரைக் கூப்பிட்டு, சார், சாந்தமாக இல்லை சார், கொதித்திருக்கும் சார், நான் வெட்டிவிட்டேன் சார் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அது பன்னிரண்டாம் தேதியோடு நிற்குமா? ஒன்பது வருஷமாக மேகம் என்று எழுதின ஒவ்வொரு ராத்திரியும் எழுந்து வந்து கேட்கும், நான் மேகம்தானா என்று. அதை வைத்து எழுதின ஆறு கட்டுரை, அதில் ஒன்றுக்குக் கொடுத்த கேடயம் வீட்டில் டிவிக்கு மேலே இருக்கிறது. பதவி உயர்வு நேர்காணல் அடுத்த மாதம். கல்யாண மண்டபம் என்றால் ஒரு ராத்திரிச் சிரிப்பு. இதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று அவளால் யோசிக்கவே முடியவில்லை. ஒருவேளை நான் நினைப்பதே தப்பாக இருக்கலாம், அன்றைக்குக் கேமராவில் ஏதாவது கோளாறாகவும் இருக்கலாம் என்று ஒரு சமாதானம் மெல்ல எட்டிப் பார்த்தது. இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளத்தானே படம் வேண்டும். படத்தை இருபத்தொரு நாள்தான் வைத்திருக்கும், இடம் போதாது என்று அதன் பிறகு அழிக்கச் சொன்னதும் இவள்தான். எங்கே கையை வைத்தாலும் தன் கைதான் தட்டுப்படுகிறது.

பதினொன்று நாற்பது. ஒரு விஷயம் மனசில் ரொம்ப நேரமாக மூலையில் நின்றுகொண்டிருந்தது, அது இப்போது நேராக முன்னால் வந்தது. நிலையத்து வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. கடைக்காரர் முருகையா. அவர் நம்பர் இவள் போனில் இருக்கிறது, மீட்டிங் நாளில் வடை சொல்லுவதற்காகப் போட்டு வைத்தது. அவரிடம் சொன்னால், எதிரே போய்க் கம்பி வேலிக்கு வெளியே நின்று ஒரு சத்தம் கொடுத்தால் ராயப்பன் வந்துவிடுவார். இது இப்போது தோன்றினதா? இல்லை, பதினொன்று பதினைந்துக்கே தோன்றிவிட்டது. தோன்றினதும் ராயப்பனுக்கே மறுபடி அடித்தாள், எடுக்க மாட்டார் என்று நன்றாகத் தெரிந்த நம்பருக்கு, ஆகமொத்தம் பன்னிரண்டு தடவை. இவ்வளவு நேரம் கேட்காரனைத் திட்டி, ரயிலைத் திட்டி, மிக்ஸியைத் திட்டி, வெள்ளரிப்பிஞ்சையும் திட்டியாயிற்று. முருகையா பெயரைத் திரையில் கொண்டுவந்து வைத்தாள். கட்டை விரல் அதற்கு மேலே நின்றது. சிக்னல் ஒரு கோடுதான் காட்டுகிறது, கிடைக்காது. கிடைத்தாலும் இது வியாபார நேரம், எடுக்க மாட்டார். எடுத்தாலும் ராயப்பனுக்கு எந்தக் கோப்பு என்று டீக்கடை மூலமாக எப்படி விளக்குவது. எல்லாம் சப்பைக்கட்டு. அவளுக்கே அது சப்பைக்கட்டு என்று தெரிந்தது, தெரிந்தும் விரல் இறங்கவில்லை. தன்மேல் வந்த எரிச்சலில் அழுகை முட்டியது, நாற்பத்துநாலு வயசில் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதால் பக்கத்தில் இருக்கிற அம்மாள் மறுபடி யாருக்கு மேலுக்கு முடியவில்லை என்று கேட்பாள். திரை தானாக இருண்டது. அவள் அதைத் தட்டி எழுப்பவில்லை.

பதினொன்று ஐம்பதுக்குச் சரக்கு ரயிலின் சத்தம் கேட்டது. வந்தது, கேட்டை மறித்துக்கொண்டு நடுவில் நின்றுவிட்டது. பஸ்ஸில் எல்லோரும் ஒருசேர ஒரு பெருமூச்சு விட்டார்கள், இனி குனிந்து போகவும் வழியில்லை. இவளும் விட்டாள். ஆனால் அவள் விட்டது வேறு மாதிரி மூச்சு. பழுப்பு நிறப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் நிலக்கரித் தூசி, எண்ணிப் பார்க்கத் தோன்றி விட்டுவிட்டாள். மணி பதினொன்று ஐம்பத்தைந்து. ஐம்பத்தெட்டு. போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு ஆயிற்று. ஒரு சத்தமும் இல்லை, முன் சீட்டுக்காரன்கூட அந்த நேரம் பார்த்துச் சிரிக்கவில்லை. அங்கே அந்தக் குளிர்ந்த அறையில் ஒரு கோப்புறை காலியாகியிருக்கும், அவ்வளவுதான். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லாமல் மறைத்து என்ன ஆகப்போகிறது, நிம்மதியாகவே இருந்தது, இறுக்கின ரவிக்கை ஊக்கைக் கழற்றிவிட்டது மாதிரி. நான் என்ன செய்வேன், கேட் போட்டுவிட்டான், ஐம்பது நிமிஷம், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். ராத்திரி கண்ணபிரான் கேட்டால் அவனிடமும் இதையே சொல்லலாம். பிறகு அந்த நிம்மதிக்குள்ளிருந்தே கசப்பாக ஒன்று ஏறியது. இனி ஒரு பத்து வருஷம். அந்த நாலும் கூடிவர இன்னும் பத்து வருஷம், அப்போது அவளுக்கு ஐம்பத்துநாலு. அந்த ராத்திரி வந்த சூடு எவ்வளவு என்று இனி ஒருவருக்கும் தெரியாது. மாடியில் கிடந்து பார்த்தாளே, அது மேலே அவ்வளவு பெரிசாக வந்து, அவள் தலைக்கு நேரே கடந்து, யாரும் பார்க்காமல் ஆறிப்போயிருக்கிறது. பார்க்காமல் இல்லை, பார்த்தோம், பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டோம்.

பன்னிரண்டு நாலுக்கு ரயில் நகர்ந்தது. கேட் தூக்கினான். டிரைவர் ஏறி உட்கார்ந்து, பஸ் ஒரு உலுக்கலோடு கிளம்பித் தண்டவாளத்தின் மேல் ஏறியபோது போன் அடித்தது. ராயப்பன்.

“மேடம், கூப்ட்டியளா? பன்னெண்டு மிஸ்டு கால் கெடக்கு. சாப்பாட்டுக்கு இப்பத்தான் வெளிய வந்தேன்.”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி,” என்றாள். குரல் இயல்பாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “பன்னெண்டாம் தேதிப் படத்தப் பாக்கணும்னு நெனச்சேன். இந்நேரம் அழிஞ்சிருக்கும். பரவால்ல.”

“நம்ம கேமரா மெஷின்லயா? அது எப்படி மேடம் அழியும்? அதுக்கு இன்னும் காலையில ஆறரைதான ஆவுது.”

இவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“போன ஆனியில தலைமை ஆபீஸ்ல இருந்து கடுதாசி வந்துச்சுல்லா, எல்லாக் கடிகாரத்தையும் உலக நேரத்துக்கு மாத்தணும்னு. நான் மாத்துனேன், நீங்க கையெழுத்துப் போட்டிய. அதுக்குப் பன்னெண்டுன்னா நமக்குச் சாயங்காலம் அஞ்சரை. நிதானமாவே வாங்க மேடம்.”

உலக நேரம். கட்டுரையில் ஒவ்வொரு வரைபடத்தையும் உலக நேரத்திலிருந்து நம் நேரத்துக்கு மாற்றிப் போட்டதே அவள்தான். காலையில் தோசைக் கரண்டியோடு நின்றவளுக்கு அது மறந்துபோயிற்று. ஐந்தரை மணி நேரம் அப்படியே கிடக்கிறது, முழுசாக, யாரும் தொடாமல். பஸ் போய்க்கொண்டிருக்கிறது, வழியில் இனி ஒரு தடையும் இல்லை, நாலு நிமிஷத்தில் நிறுத்தம். படம் பிழைத்தது என்று சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அவமானம்தான் வந்தது. ஆறு நிமிஷம் முன்னால் நிம்மதி என்று ஒன்று வந்ததே, அது தன்னுடையது, அதைத் தான் பார்த்துவிட்டாள், அதை எந்தப் புரோகிராமாலும் வெட்டி எடுக்க முடியாது. இனி சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து இதே மாதிரி இன்னொரு ரயிலைத் தேட வேண்டியதுதான். தேடினால் கிடைக்கும். தலைவலி, மீட்டிங், கரண்ட் இல்லை, எத்தனையோ. அவளுக்குத் தன்னை நன்றாகத் தெரியும்.

“அண்ணாச்சி, நான் வர்ற வரைக்கும் வேண்டாம். இப்பவே உள்ள போயி அழிக்கிற வேலைய நிப்பாட்டிருங்க.”

“சரி மேடம். மெஷின்ல கை வச்சா புக்குல காரணம் எழுதணும்லா, என்ன எழுத?”

வழக்கமான பராமரிப்பு என்று எழுதச் சொல்லலாம். எதற்கும் அதைத்தான் எழுதுவார்கள். நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. பஸ் இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது.

“வெப்பத்துக்கு வச்ச வரம்பு தப்புன்னு எழுதுங்க.”

“கேக்கல மேடம். பஸ் எரைச்சலா இருக்கு. சத்தமாச் சொல்லுங்க, நான் மனசுல வாங்கிட்டுல்லா உள்ள போவணும்.”

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னாள். “வெப்பத்துக்கு வச்ச வரம்பு தப்பு. ஒம்போது வருஷமாத் தப்பு. மேகம் இல்லாத ராத்திரியை எல்லாம் மேகம்னு எழுதியிருக்கு. வச்சது நான்.”

முன் சீட்டுக்காரன் திரும்பிப் பார்த்தான். மிக்ஸிக்கார அம்மாள் பெட்டியைத் தன் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

“பேரு போடணுமா மேடம்? அலுவலர்னு மட்டும் போட்டா போதாதா?”

“பேரு போடுங்க.”

“சரி, ஒருவாட்டி சொல்லிப் பாத்துக்கிடுதேன்,” என்று அவர் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார், வரம்பு தப்பு, ஒன்பது வருஷமாகத் தப்பு, மேகம் இல்லாததை மேகம் என்று எழுதியது, வைத்தவர் இசக்கியம்மாள். “சரியா இருக்கா மேடம்?”

“சரியா இருக்கு,” என்றாள்.